கணக்கெடுப்பில் விடுபட்ட பாட்டு: சோலைபாடியும் செங்குரங்கும்

2025 மார்ச் 15, சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு முன்னதாகவே அம்மா அளவெட்டி வீட்டு முற்றத்தில் இரண்டு கதிரைகளைப் போட்டுவிட்டார். கையில் விதானையார் தந்த தாள், என்னுடைய பேனை, தன்னுடைய மூக்குக்கண்ணாடி. நாடு முழுவதும் 8.00 மணியிலிருந்து 8.05 வரை, அவரவர் வளவிலும் தோட்டத்திலும் கண்ணில் படும் விலங்குகளை எண்ணி எழுதவேண்டும் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. குரங்கு, மந்தி, மயில், மலை அணில் என்று பயிருக்குச் சேதம் விளைவிப்பவைதான் கணக்கு.

எங்கள் வளவுக்குக் குரங்கு வரவில்லை. நான் அறிய அந்தப் பக்கம் குரங்கு வந்ததும் இல்லை. மயிலும் அன்றைக்கு இல்லை. மதில்மேல் ஒரு குண்டுக்கரிச்சான் மட்டும் வாலைத் தூக்கித் தூக்கி, ஐந்து நிமிடமும் விடாமல் பாடிக்கொண்டிருந்தது. அம்மா எல்லாக் கட்டங்களிலும் பூச்சியம் போட்டுவிட்டுக் கேட்டார்: "இவர் பாடினதை எந்தக் கட்டத்துக்குள்ள போடுறது?"

எட்டேகாலுக்கு ஒட்டுசுட்டானிலிருந்து சித்தி அழைத்தார். "இருபத்திமூண்டு வரைக்கும் எண்ணினன் பிள்ளை. அதுக்குப் பிறகு எண்ண விடேல்லை. ஒண்டு கிணத்தடியில இருந்த சவுக்காரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடீட்டுது."

நான் சும்மா கேட்டேன்: "சித்தி, அந்தி நேரத்தில பின்காட்டுக்குள்ள விசிலடிக்கிற மாதிரி ஒரு குருவி பாடுமே, அது இப்பவும் பாடுதோ?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அதுவோ... பின்பக்கம் பத்தையெல்லாம் துப்புரவாக்கின பிறகு கேட்டதா ஞாபகம் இல்லை. நீ கேட்டபிறகுதான் எனக்கும் நினைப்பு வருது."

அந்தப் பதிலால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஒரே காட்டைச் சேர்ந்த இரண்டு உயிர்கள். காடு சுருங்கியபோது ஒன்று வீட்டுக் கிணற்றடிக்கு வந்து நாட்டின் பெரிய பிரச்சினையானது. மற்றது போய்விட்டது, போனது யாருக்கும் தெரியவில்லை. குருவியையும் குரங்கையும் ஒப்பிட்டு என்ன காணப்போகிறாய் என்று நண்பர் ஒருவர் கேட்டார். விஞ்ஞானிகள் அறுபது எழுபது ஆண்டுகளாக அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டது, இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்களுக்கு வேறு விதமாக விளங்கக்கூடும் என்று நினைக்கிறேன்.

முதலில் இருவரையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

குருவியின் பெயர் சோலைபாடி. எங்கள் முற்றத்துக் குண்டுக்கரிச்சானின் நெருங்கிய உறவு. சிங்களத்தில் குண்டுக்கரிச்சான் 'பொல்கிச்சா', சோலைபாடி 'வன பொல்கிச்சா'. ஆண் பறவைக்குத் தலையும் முதுகும் மினுங்கும் கறுப்பு, வயிறு செம்மண் நிறம், வாலடியில் வெள்ளை, வால் உடலைவிட நீளம். எடை முப்பது கிராம் அளவில், இரண்டு மேசைக்கரண்டி சீனிக்குக் கொஞ்சம் கூட. வன்னியின் உலர்காடுகளில் அடர்ந்த பத்தைக்குள்ளே, நிலத்தோடு அண்டிப் பூச்சி பிடித்து வாழும். வெளியே வர விரும்பாது. அதனால் பார்த்தவர்கள் குறைவு, கேட்டவர்கள் அதிகம்.

குரங்கு, வன்னியில் வெறுமனே 'குரங்கு' என்று சொல்லப்படுகிற செங்குரங்கு. சிங்களத்தில் 'ரிலவா'. உச்சந்தலை மயிர் நடுவிலிருந்து சுற்றிவர விரிந்து ஒரு வட்டத் தொப்பி வைத்ததுபோல இருக்கும். கரிய முகமும் நீண்ட வாலும் கொண்ட மந்தி வேறு, இது வேறு. உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் சொல்கிறது. சவுக்காரத்தைப் பறிகொடுத்த சித்தியிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

இரண்டையும் நான் முதன்முதலில் அறிந்தது ஆறு வயதில். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வீதிக்கு வந்தபோது நாங்களும் வந்தோம். தென்மராட்சியில் சில மாதங்கள், பிறகு கிளாலிக் கடல் தாண்டி வன்னி. ஒட்டுசுட்டானில் சித்தப்பாவின் காணியில் கொட்டில் போட்டோம். 2002இல் ஏ-9 பாதை திறந்தபிறகுதான் ஊருக்குத் திரும்பினோம். காலையில் கூரையில் குரங்கு, மாலையில் காட்டுக்குள் சோலைபாடி. இந்த இரண்டு சத்தங்களுக்கும் நடுவில்தான் நான் எழுதவும் வாசிக்கவும் கற்றேன்.

சத்தத்திலிருந்தே ஒப்பீட்டைத் தொடங்கலாம்.

குயிலை எங்கள் கவிஞர்கள் பாடாத பாட்டில்லை. ஆனால் விஞ்ஞானத்தின் கணக்கில் குயில் 'பாடும் பறவை' இல்லை. காகம்தான் பாடும் பறவைகளின் வகுப்பைச் சேர்ந்தது. இது பகிடியில்லை. பாடும் பறவைகள் என்ற பெரும் பிரிவில் காகம், சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, குண்டுக்கரிச்சான், சோலைபாடி எல்லாம் அடங்கும். இவற்றின் பெரிய அடையாளம் குரலின் இனிமையைவிட, குரலைக் கற்றுக்கொள்ளும் திறன்.

குயிலைப் பாருங்கள். காகக் கூட்டில் பொரிக்கிறது. காகம் ஊட்ட வளர்கிறது. காதில் விழுவதெல்லாம் 'கா' தான். ஆனாலும் வளர்ந்ததும் 'கூ' என்றுதான் கூவுகிறது. அதன் கூவல் பிறப்போடு வந்தது. வீட்டுச் சேவலும் அப்படித்தான். தனியே அடைத்து வளர்த்தாலும் கொக்கரக்கோதான். சோலைபாடியின் வகுப்பைச் சேர்ந்த பறவைகளுக்கு இந்த வசதி இல்லை. குஞ்சுப் பருவத்தில் பெரிய பறவையின் பாட்டைக் கேட்கவேண்டும். கேளாமல் வளர்ந்தால் பாட்டு வராது. வந்தாலும் ஏதோ முறிந்த சத்தமாக வரும்.

இதை முறையாகப் பரிசோதித்தவர் பிரித்தானியாவின் கேம்பிரிட்ஜில் இருந்த டபிள்யூ. எச். தோர்ப். 1950களில் அவர் சாஃபின்ச் என்ற சிறு குருவியின் குஞ்சுகளை, மூத்த பறவைகளின் சத்தமே கேளாதபடி பிரித்து வளர்த்தார். அவை பாட முயன்றன. ஆனால் பாட்டின் உறுப்புகள் பல அதில் இல்லை. அவருடைய மாணவர் பீற்றர் மார்லர் பிறகு அமெரிக்காவுக்குச் சென்று, சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றி வாழும் ஒருவகைச் சிட்டுக்களுக்கு ஊருக்கு ஊர் வட்டார வழக்கு உண்டு என்று காட்டினார். சில மைல் தள்ளிப் போனால் அதே இனம் வேறு மாதிரிப் பாடும். வடமராட்சிக்காரர் வாய் திறந்ததும் நாங்கள் கண்டுபிடிப்பதைப்போல அவரால் பறவையின் ஊரைச் சொல்ல முடிந்தது.

குஞ்சு கற்கும் முறையும் கிட்டத்தட்ட எங்கள் பிள்ளைகளுடையதுதான். முதலில் கேட்பது மட்டும். பிறகு தொண்டைக்குள் முணுமுணுப்பு, மழலை. பிறகு பிழைவிட்டுப் பிழைவிட்டு நெருங்குவது. ஒரு கட்டத்தில் பாட்டு இறுகிவிடும். பல இனங்களில் அதற்குப் பிறகு மாற்றமில்லை. காது கேளாத குஞ்சால் இந்தப் படிகளைத் தாண்ட முடியாது, ஏனென்றால் அது தன் குரலையே கேட்டுத் திருத்தவேண்டும்.

அளவெட்டியில் வளர்பவர்களுக்கு இதற்கு உதாரணம் தேடவேண்டியதில்லை. என். கே. பத்மநாதனின் ஊர் இது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பையன் நாதஸ்வரம் பழகினான். குரு வாயால் பாடுவார், அவன் வாயால் திருப்பிச் சொல்வான், அதற்குப் பிறகே குழலைத் தொடலாம். முதல் ஆறு மாதம் அயலே காதைப் பொத்திக்கொண்டு இருந்தது. சீவாளியிலிருந்து வந்ததைச் சத்தம் என்று மட்டும்தான் சொல்லலாம். இரண்டு வருடத்தில் கும்பிழாவளைப் பிள்ளையார் கோவில் வீதியில் மூத்தவர்களுக்குப் பக்கத்தில் நின்று ஊதினான். புத்தகம் பார்த்து அதைக் கற்றிருக்க முடியாது.

பறவையின் குழலும் வியப்பானது. எங்களுக்கும் குரங்குக்கும் குரல்வளை தொண்டையின் மேற்பகுதியில் இருக்கிறது. பறவைக்கு ஒலி பிறக்கும் உறுப்பு நெஞ்சுக்குள்ளே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியே ஒலி எழுப்பும். கோவில் மேளத்தில் இரண்டு நாதஸ்வரகாரர் சேர்ந்து ஊதுவதை ஒரு நெஞ்சுக்குள் வைத்ததுபோல. சோலைபாடி மற்றப் பறவைகளின் குரலையும் எடுத்துத் தன் பாட்டில் கோர்த்துவிடும். ஒட்டுசுட்டானில் நான் கேட்ட பறவை எத்தனை பறவைகளின் சங்கதியை உள்ளே வைத்திருந்ததோ.

இனிக் குரங்கு.

பொலன்னறுவையின் பழைய அரண்மனைகளுக்கும் தாதுகோபங்களுக்கும் நடுவில் வாழும் செங்குரங்குகளை வொல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968 தொடக்கம் ஆராய்ந்து வந்திருக்கிறார். உலகில் மிக நீண்ட காலம் நடந்த குரங்கு ஆய்வுகளில் இதுவும் ஒன்று. டிஸ்னி நிறுவனம் 2015இல் வெளியிட்ட 'மங்கி கிங்டம்' படம் இந்தக் குரங்குகளைப் பற்றியதுதான். முகத்தைக் கொண்டே ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, தாய், மகள், பேத்தி என்று வம்சாவளியாகப் பதிவுசெய்தார்கள்.

டிட்டஸ் 1984இல் எழுதிய கட்டுரை ஒன்று செங்குரங்கின் 'சாப்பாட்டுக் குரல்' பற்றியது. பழம் நிறைந்த மரத்தையோ, அப்போதுதான் வந்த ஈசல் கூட்டத்தையோ கண்ட குரங்கு ஒரு தனிக் குரல் கொடுக்கும். கேட்ட மற்றவை அந்தத் திசைக்கு ஓடும். அதாவது அந்தச் சத்தத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது: 'இங்கே நிறைய இருக்கிறது.' கூரையில் அந்தக் குரல் கேட்டால் அம்மம்மா உலக்கையோடு வெளியே ஓடுவார். விஞ்ஞானி கட்டுரை எழுத முன்னரே அவருக்கு அது விளங்கியிருந்தது.

ஆபிரிக்காவிலும் இப்படி ஒன்றைக் கண்டார்கள். கென்யாவின் அம்போசெலியில் வேர்வெற் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் என வைத்திருக்கின்றன. பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டபோது, சிறுத்தைக் குரலுக்கு மரமேறின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன. பாம்புக் குரலுக்கு எழுந்து நின்று புல்லைப் பார்த்தன. 1980இல் இதை வெளியிட்ட மூவரில் ஒருவர் பீற்றர் மார்லர். சிட்டுக்களின் வட்டார வழக்கை ஆராய்ந்த அதே ஆள். பறவையையும் குரங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் என்பதால்தான் அவரை இங்கே இழுக்கிறேன்.

அந்த ஒப்பீட்டின் முடிவு எதிர்பாராதது. குரங்கின் குரலில் பொருள் உண்டு. ஆனால் குரல் பெரும்பாலும் பிறப்போடு வருகிறது. 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ரீசஸ் குரங்குக் குட்டிகளை யப்பானியக் குரங்குத் தாய்களிடமும், யப்பானியக் குட்டிகளை ரீசஸ் தாய்களிடமும் வளர்க்கக் கொடுத்தார்கள். இரண்டும் செங்குரங்கின் ஒன்றுவிட்ட சகோதரங்கள். குட்டிகள் வளர்ப்புத் தாயோடு ஒட்டிக்கொண்டன. ஆனால் தங்கள் இனத்தின் குரலைப் பெரிதாக மாற்றவில்லை. வாயும் தொண்டையும் இடங்கொடுக்காததால் என்று நீண்ட காலம் நினைத்தார்கள். 2016இல் டெக்கம்சே ஃபிட்ச் என்பவரின் குழு குரங்கின் தொண்டை அசைவை எக்ஸ்-கதிர்ப் படமாக எடுத்து ஆராய்ந்து, பேச்சுக்குப் போதுமான வசதி அதற்குள் இருக்கிறது, மூளைதான் அதை இயக்குவதில்லை என்று காட்டியது.

மனிதரும் செங்குரங்கின் குலமும் பிரிந்து ஏறத்தாழ இரண்டரைக் கோடி முதல் மூன்று கோடி ஆண்டுகள். மனிதரும் பறவையும் பிரிந்து முப்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் பேசக் கற்கும் விடயத்தில் எங்களுக்குக் கிட்ட நிற்பது குரங்கில்லை, குருவி. பேச்சுக்கு மிக நெருக்கமான ஒப்புமை பறவையின் பாட்டில் இருப்பதாக டார்வின் 1871இலேயே எழுதிவிட்டார். 2001இல் மனிதரின் பேச்சோடு தொடர்புடைய ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 2007இல் அதே மரபணுவின் செயலை வரிக்குருவிக் குஞ்சின் மூளையில் குறைத்துப் பார்த்தபோது, அந்தக் குஞ்சு மூத்த பறவையின் பாட்டை அரைகுறையாகத்தான் கற்றது.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு 2002 ஞாபகம் வந்தது. பதின்மூன்று வயதில் அளவெட்டிக்குத் திரும்பி வகுப்பில் முதல்நாள் வாய் திறந்தபோது பின்வாங்கிலிருந்து ஒருத்தி சொன்னாள்: "இவள் வன்னி." நான் அளவெட்டியில் பிறந்தவள். ஆனால் பேச்சு இறுகிய வயதில் என்னைச் சுற்றியிருந்தவர்கள் ஒட்டுசுட்டான்காரர். குயிலாக இருந்திருந்தால் இந்தப் பிரச்சினை வந்திராது. நோர்வேயிலும் கனடாவிலும் பிள்ளை வளர்ப்பவர்கள் இதைவிடப் பெரிய கதைகள் வைத்திருப்பீர்கள்.

கற்றுவரும் குரலுக்கு ஒரு ஆபத்து உண்டு: கற்பிக்க ஆள் இல்லாவிட்டால் அது அந்தத் தலைமுறையோடு நின்றுவிடும். அவுஸ்திரேலியாவில் ரீஜன்ற் ஹனிஈற்றர் என்றொரு தேன் உண்ணும் பறவை. காடுகள் அழிக்கப்பட்டதால் ஒரு காலத்தில் பெருங்கூட்டமாகத் திரிந்த பறவை சில நூறாகச் சுருங்கியது. அவையும் பரந்த நிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறின. 2021இல் ரொஸ் கிரேற்ஸ் என்பவரும் குழுவும் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண் பறவைகளில் ஏறத்தாழ 12 சதவீதம் தம் இனத்தின் பாட்டை முற்றாக இழந்து, அயலிலுள்ள வேறு இனங்களின் பாட்டைப் பாடின. உடலுக்கு ஒரு குறையும் இல்லை. அருகில் மூத்த ஆண் பறவை இல்லாததால் கேட்டதைக் கற்றிருக்கின்றன. அப்படிப் பாடியவற்றுக்குச் சோடி கிடைப்பதும் குறைந்தது. இப்போது மிருகக்காட்சிச்சாலையில் வளரும் குஞ்சுகளுக்குப் பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டும், காட்டில் பிறந்த மூத்த பறவைகளைப் பக்கத்தில் விட்டும் பாட்டுக் கற்பிக்கிறார்கள். ஒரு வாரவிடுமுறைத் தமிழ்ப் பாடசாலை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

சோலைபாடிக்கு அந்த நிலை வந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை அது பரந்து வாழ்கிறது. ஆனால் பாட்டே அதற்கு வினையாகிவிட்ட இடங்களும் உண்டு. இந்தோனேசியாவில் 'முராய் பத்து' என்ற பெயரில் கூட்டில் வளர்த்துப் போட்டிக்கு விடுகிறார்கள். நல்ல பாடகனுக்குப் பெரும் விலை. காடு காடாகப் பிடித்து விற்று, பல தீவுகளில் காட்டுப் பறவைகள் அருகிவிட்டன. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில், சர்வதேச வணிகத்துக்கு அனுமதி தேவைப்படும் இனங்களின் பட்டியலில் சோலைபாடியைச் சேர்த்தார்கள். செங்குரங்கு ஏற்கெனவே அதே பட்டியலில் இருக்கிறது. ஒன்றைக் குரலுக்காகப் பிடிக்கிறார்கள், மற்றதை வாய்க்காக விரட்டுகிறார்கள்.

காடு போனால் இரண்டும் இடம்பெயர்கின்றன என்று நான் முன்பு நினைத்திருந்தேன். உண்மையில் குரங்குதான் இடம்பெயர்கிறது. அதற்கு எதையும் உண்ணத் தெரியும், கன்னத்துக்குள் பை இருக்கிறது, அவசரமாகத் திணித்துக்கொண்டு ஓடிப்போய் ஆறுதலாகச் சாப்பிடலாம், கூட்டமாக வரும். சோலைபாடி தன் பத்தைக்கு உரிமை கோரிப் பாடுகிற பறவை. பாட்டுத்தான் அதன் வேலியும் உறுதியும். அடுத்த பத்தையில் வேறொன்று பாடிக்கொண்டிருக்கும். பத்தையை புல்டோசர் வழித்தபிறகு அதற்குப் போக இடம் இல்லை. தென்னந்தோட்டத்தில் அது வாழாது.

செங்குரங்கின் வாழ்வும் வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிகிற கும்மாளம் இல்லை. கூட்டத்துக்குள் கடுமையான படிநிலை உண்டு. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருப்பார்கள். தாயின் தரம் மகளுக்கு. ஆண்கள் வளர்ந்ததும் வெளியேறி வேறு கூட்டத்தில் இடம் தேடவேண்டும். உயர்ந்தவை தாழ்ந்தவற்றை நல்ல மரத்திலிருந்து விரட்டும். சில வேளை கன்னப்பையைத் திறந்து உள்ளே இருப்பதையும் பிடுங்கிக்கொள்ளும். வரட்சியில் முதலில் சாவது தாழ்ந்த குடும்பங்களின் குட்டிகள். பொலன்னறுவைக் காட்டில் பிறந்தவற்றில் பத்துக்கு எட்டுக்கும் மேல் வளர்ந்த நிலையை எட்டவில்லை என்று டிட்டஸின் தொடக்ககால ஆய்வுகள் காட்டின. நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் பகுதி புதிதாக இராது.

மனிதரின் குப்பையும் தோட்டமும் கோவில் படையலும் இந்தக் கணக்கை மாற்றிவிடுகின்றன. உணவு கூட, சாவு குறைகிறது. கூட்டம் பெருத்து இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த கூட்டம் அடுத்த ஊரைத் தேடுகிறது. சித்தி குடும்பம் 2008 கடைசியில் ஒட்டுசுட்டானை விட்டு வெளிக்கிட்டு, முள்ளிவாய்க்கால், மெனிக்பாம் என்று போய் 2011இல் திரும்பியபோது வீட்டில் கூரை இல்லை, அறைக்குள் குரங்குகள் இருந்தன. "அவையும் எங்களைப் போல அந்தரிச்சு வந்து இருந்தவை எண்டு முதல் நினைச்சன்" என்றார். "இப்ப அப்பிடி நினைக்கிறேல்லை." நாற்பது தென்னை வைத்து வருடம் முழுக்கச் சம்பலுக்குத் தேங்காய் கடையில் வாங்குகிறவரிடம் பாதுகாப்பு உயிரியல் பேச எனக்கு வாய் வரவில்லை. அண்மைக் காலமாகத் தென்மராட்சியிலிருந்தும் இதே முறைப்பாடு கேட்கிறது.

அரசியல்வாதிகளுக்கு இந்தக் கோபம் தெரியும். 2023 ஏப்ரலில் அப்போதைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றிப் பேசினார். சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு நடுப்பகுதியில் அப்படி ஏற்றுமதி செய்யப்போவதில்லை என்று வனசீவராசிகள் திணைக்களம் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு முட்டியதே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். ஒரு மாதம் கழித்துத்தான் எங்கள் முற்றத்துக்கு அந்தத் தாள் வந்தது. முடிவு வந்தபோது குரங்குகள் மட்டும் 50 இலட்சத்துக்கு மேல் என்றார்கள். அந்த எண்ணிக்கையை ஆய்வாளர்கள் பலர் நம்பவில்லை. ஒரே கூட்டம் ஐந்து நிமிடத்தில் மூன்று வளவு தாண்டும். மூன்று தாளிலும் அதே குரங்கு பதிவாகும். சித்தியின் இருபத்திமூன்றைப் பக்கத்து வீட்டு மாமாவும் எழுதியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கணக்கெடுப்பைக் குறைசொல்கிற எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது, நேர்காணல் ஒலிப்பதிவில் சுற்றுச்சத்தத்தை வெட்டி எடுக்கச் சொல்லித் தந்தார்கள். நன்றாகவே கற்றேன். 2017 யூலையில் மயிலிட்டியில் ஒரு பகுதி நிலம் விடுவிக்கப்பட்டபோது, 27 ஆண்டுக்குப் பிறகு காணிக்குள் கால் வைத்தவர்களின் குரலைப் பதிவுசெய்தேன். தங்கள் கிணறு எது என்று தெரியாமல் ஒரு அம்மா அழுதார். பின்னால் பற்றைக்குள்ளிருந்து குண்டுக்கரிச்சான்கள் விடாமல் பாடின. ஒலிபரப்புக்காக அந்தப் பாட்டை எல்லாம் வெட்டினேன். ஆளில்லாத அந்த 27 ஆண்டுகளில் வலிவடக்கு என்ன சத்தத்தோடு இருந்தது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அது. வெட்டாத மூலப் பதிவு இருந்த வன்தட்டு பழுதாகிவிட்டது.

லூட்விக் கொக் என்ற பையனுக்குப் பாட்டை வெட்டத் தெரிந்திருக்கவில்லை. ஜேர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் பிறந்த யூதச் சிறுவன். தகப்பன் வாங்கிக் கொடுத்த எடிசன் இயந்திரத்தில், 1889இல், எட்டு வயதில், வீட்டுக் கூட்டில் இருந்த ஒரு பறவையின் பாட்டை மெழுகு உருளையில் பதிந்தான். உலகில் முதன்முதலாகப் பதிவுசெய்யப்பட்ட பறவைப் பாட்டு என்று அறியப்படுவது அதுதான். அந்தப் பறவை சோலைபாடி. 1936இல் கொக் நாசிகளிடமிருந்து தப்பிப் பிரித்தானியாவுக்கு அகதியாகப் போனார். சேர்த்துவைத்த பதிவுகளில் பெரும்பகுதியை விட்டுவிட்டுத்தான் போகமுடிந்தது. பிறகு பிபிசியில் பறவைக் குரல்களுக்குப் பெயர்பெற்றவரானார். அந்தச் சோலைபாடியின் பதிவு இன்றும் இருக்கிறது. கரகரப்புக்கு நடுவே கேட்கலாம். நான் கேட்டேன், ஒட்டுசுட்டான் பறவைபோல இல்லை. வேறு ஊர்க்காரர்.

மார்ச்சில் நான் கேட்ட கேள்வி சித்தியின் மனதில் இருந்திருக்கவேண்டும். சில வாரம் கழித்து முத்தையன்கட்டுப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில் இருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினார். காட்டோரக் காணி, அந்தி நேரம். முதலில் காற்று. பிறகு தூரத்தில், இரண்டு நீண்ட சீழ்க்கையும் ஒரு சறுக்கலுமாக, அது. சின்ன இடைவெளி விட்டு மறுபடி, இம்முறை நடுவில் எங்கோ கேட்ட ஒரு மாம்பழக் குருவியின் குரலையும் சேர்த்துக்கொண்டு. மூன்றாம் முறை தொடங்கும்போது கூரைத்தகரத்தில் தடதடவென்று சத்தம், நாய் குரைப்பு, அதற்கு மேலே சித்தி: "ஏய்! விடு! பப்பாசியை விடு! போ அங்கால!"

பதிவு அத்தோடு நிற்கிறது. அம்மா மூன்று தரம் போட்டுக் கேட்டார். "இவள் கத்தாமல் இருந்திருந்தால் முழுசாக் கேட்டிருக்கலாம்" என்றார். நான் அதில் ஒன்றையும் வெட்டாமல் சேமித்து வைத்திருக்கிறேன்.